நோட்டில் எழுதுங்கள்... முழுசா எழுதுங்கள்!

வரப்போரம் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பூச்சி, நோய், விலை, தண்ணீர் பற்றியவைதான். இந்த முறை வந்த கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதப்பட்ட கடிதம். படித்து முடித்ததும் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கேட்ட சகோதரியின் விருப்பப்படி பெயரும் ஊரும் இல்லாமல் வெளியிடுகிறோம்.

''எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் நிலம். கிணற்றுப் பாசனம். ஆறு வருடமாகத் தோட்டத்தில் நடப்பதையெல்லாம் பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதி வருகிறேன். விதைத்த நாள், மழை, போட்ட எரு, அடித்த மருந்து, ஆள்கூலி, விற்ற விலை, மாடு கன்று போட்டது... எல்லாம் இருக்கும். பாடம் படித்தது பத்தாவது வரைதான். ஆனால், ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தால் மனசு லேசாகிறது. இப்போது எங்கள் மகளிர் குழுவில், 'மாசம் ஒருமுறை அந்த நோட்டில் இருந்து வாசி, முக்கியமானதை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடு' என்கிறார்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். 'நம்ம நஷ்டம், கடன் எல்லாம் ஊருக்குத் தெரியணுமா? நீ எழுதினதைக் கேட்டு யாருக்காவது பயிர் போச்சுன்னா நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க' என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நான் என்ன செய்யட்டும்?''

சகோதரி, கொடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால், உங்கள் வீட்டுக்காரர் சொன்ன இரண்டும் வெறும் பயம் இல்லை. அந்த இரண்டு தப்பையும் நானே செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

காலண்டர் தாளில் ஆரம்பித்தது

எங்கள் அப்பா நோட்டு எதுவும் வைத்துக்கொண்டவர் இல்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மாட்டுக்குச் சினை ஊசி போட்டால் அந்தத் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் மாட்டின் பெயரை எழுதி, உத்திரத்தில் செருகி வைப்பார். பசு மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்குச் சுமார் 310 நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால், ஊசி போட்ட தேதி தெரிந்தால்தானே கணக்கு உதவும்? ஊசி போட்டு 21 நாளில் மறுபடி கத்துகிறதா என்று பார்ப்பதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். அந்த உத்திரத்தில் செருகிய தாள்கள்தான் எங்கள் வீட்டின் முதல் பண்ணைக் குறிப்பு.

நான் நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் கத்தரிக்காய். 25 சென்டில் கத்தரி வைத்து, 'அதுல நல்ல வருமானம்' என்று நாலு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வருடம், பொழுதுபோகாமல் ஒவ்வொரு செலவையும் எழுதினேன். சந்தையில் மொத்தமாகக் கைக்கு வந்தது 61,000 ரூபாய். செலவு 22,000 இருக்கும் என்பது என் மனக்கணக்கு. நாற்று, எரு, மருந்து, பறிக்கும் கூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் கூட்டியபோது 47,000 வந்தது. மிச்சம் 14,000. நானும் என் மனைவியும் அந்த 25 சென்டில் உழைத்ததைக் கணக்கிட்டால் 110 ஆள் நாள். வகுத்துப் பார்த்தால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 127 ரூபாய் சொச்சம். அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தால்கூட அதைவிட அதிகம் வந்திருக்கும்.

அன்று ராத்திரி என் மனைவி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. ''நஷ்டம் இப்போ வரல. நாலு வருஷமாவே இருந்திருக்கு. இப்பத்தான் கண்ணுல படுது''.

நம் மனசு நல்ல விலை கிடைத்த நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். விலை இல்லாமல் மூட்டையைச் சந்தையிலேயே விட்டு வந்த நாளை மறந்துவிடும். நோட்டுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

மழையை அளக்கிற சந்தோஷம்

லாப நஷ்டக் கணக்கு மட்டும் என்றால் யாருக்கும் தொடர்ந்து எழுத மனசு வராது. எழுதுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது மழை. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பது நம் பேச்சு. அதை மில்லிமீட்டரிலும் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரம், கூரை எதுவும் மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி பதித்து வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், பிள்ளைகளின் அடிக்குச்சியை விட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளந்து எழுதிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். வானிலைத் துறையும் காலை 8.30 மணிக்குத்தான் அன்றாட மழைக்கணக்கை எடுக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது, கையில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமே வரப்பை உயர்த்தக் கிளம்பிவிட்டேன். கண்முன்னே ஓடிப்போன தண்ணீரை எண்ணால் எழுதிப் பார்த்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை.

நாலைந்து வருடம் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டுவது தனிச் சுகம். போன ஐப்பசியில் இதே வாரம் என்ன நடந்தது, எந்த வருடம் வேம்பு சீக்கிரம் பூத்தது, எந்த மழைக்குப் பிறகு ஈசல் வந்தது, செவலைக் கன்று என்றைக்குப் பிறந்தது... நமக்கென்று ஒரு பஞ்சாங்கம் உருவாகிவிடும். அது நம் தோட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெரியவர்களும் இப்படித்தான் எழுதினார்கள்

'நாம என்ன பெரிய ஆளா, நம்ம எழுத்தை யார் படிப்பா?' என்று பலர் நினைக்கிறார்கள். புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில் அவரிடம் துபாஷாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி. 1736-ம் ஆண்டு தொடங்கி, 1761-ல் காலமாகும் வரை, கப்பல் வந்தது, போனது, சரக்கு, சண்டை, ஊர் நடப்பு என்று கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். அன்றைக்கு அது அவருடைய சொந்தக் குறிப்பு. இன்றைக்கு அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அந்த நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் 12 தொகுதிகளாக வந்திருக்கிறது.

விவசாயத்தில் உதாரணம் வேண்டுமென்றால், ஜப்பானின் மசனோபு ஃபுகோகா. பயிர் ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தோட்டத்துக்குத் திரும்பியவர். 1975-ல் வந்த அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அதில் எனக்குப் பிடித்தது அவருடைய வெற்றிக்கதை இல்லை. கவாத்து செய்து பழக்கப்பட்ட ஆரஞ்சு மரங்களைத் திடீரென்று அப்படியே விட்டுவிட்டதால், கிளைகள் பின்னி, பூச்சி விழுந்து, அப்பாவின் தோப்பில் மரங்கள் பட்டுப்போயின. 'இயற்கையாக விடுவது வேறு, கைவிடுவது வேறு' என்று அதில் இருந்துதான் அவர் தெரிந்துகொண்டார். அந்த நஷ்டத்தை மறைக்காமல் எழுதியதால்தான், அவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப முடிகிறது.

எழுதாமல் விட்டதுதான் தப்பு

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன், உங்கள் குழுவினர் கேட்டது போலவே என்னையும் கேட்டார்கள். அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று ஒரு தாளில் எழுதி, ஊரில் பால் ஊற்றும் இடத்தின் சுவரில் ஒட்டுவேன். பால் அளக்கக் காத்திருக்கும்போது எல்லோரும் படிப்பார்கள். 'நல்லா எழுதுறியேப்பா' என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது.

ஒரு மாசி மாதம் இப்படி எழுதினேன்: 'மிளகாயில் அசுவினிக்கு, லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன். நாலே நாளில் அடங்கிவிட்டது.'

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 3 சதவிகித வேப்பெண்ணெய்க் கரைசல் என்பது எல்லோரும் சொல்கிற அளவுதான்.

பத்து நாள் கழித்து, கீழ்த்தோட்டத்துச் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். சொந்தச் சித்தப்பா இல்லை. ஊர் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம். 40 சென்டில் மிளகாய் நட்டு 12 நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். திட்டுத்திட்டாகச் செடிகள் கருகி நின்றன. வரிசையாக நடந்தால் கொஞ்ச தூரம் பச்சை, அப்புறம் நாலைந்து பாத்தி கருகல், மறுபடி பச்சை, மறுபடி கருகல். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

ஏன் அப்படித் திட்டுத்திட்டாக? எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. நான் அடிக்கும்போது, முதலில் காதி சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றி, பால் போல வெளுக்கும் வரை அடித்துக் கலக்கி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் சேர்த்தேன். அதை எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். சித்தப்பா எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றிவிட்டார். எண்ணெய் மேலே மிதந்திருக்கிறது. ஸ்பிரேயர் அடியில் இருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் போயிருக்கிறது. ஒவ்வொரு டேங்கும் முடியும்போது கிட்டத்தட்டச் சுத்தமான எண்ணெய், பிஞ்சுச் செடிமேல் விழுந்திருக்கிறது. நான் அடித்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அதையும் எழுதவில்லை. அவர் அடித்தது உச்சி வெயிலில். என் செடிக்கு வயது இரண்டு மாதம். அதையும் எழுதவில்லை. அவர் செடி வேர் பிடித்துக்கொண்டிருந்த குழந்தை.

சித்தப்பா சத்தம் போடவில்லை. ''ஏன் தம்பி, நீ எழுதுனதத்தான் செஞ்சேன். உன் எழுத்துல பொய் இல்ல. ஆனா, பாதிதான் இருந்துச்சு'' என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என் நாற்றங்காலில் மிச்சம் இருந்த 600 நாற்றைப் பிடுங்கிக் கொடுத்தேன். பத்தவில்லை. மீதி இடத்தை நிரப்ப அவர் வெளியே நாற்று வாங்கி நட்டு முடிக்க மூன்று வாரம் ஓடிவிட்டது. முன்னே நட்டதும் பின்னே நட்டதுமாக, தண்ணீர் விடுவதில் இருந்து பறிப்பு வரை அந்தப் பட்டம் முழுக்க அவருக்கு இழுபறிதான்.

அதற்கடுத்த மூன்று தாள்களை நான் ஒட்டவில்லை. வெட்கம். இனிமேல் எதற்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். நாலாவது தடவை சித்தப்பாவே கேட்டார், ''ஏன் எழுதறதில்ல? எனக்கு ஆனது இன்னொருத்தனுக்கு ஆகணுமா?'' என்று. அப்போதுதான் புத்தி வந்தது. நடந்தது முழுவதையும், அவர் சம்மதத்தோடு, முன்பு எழுதியதைவிடப் பெரிய எழுத்தில் எழுதி அதே சுவரில் ஒட்டினேன். அன்றில் இருந்து, ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் சித்தப்பாதான் முதலில் படிப்பார். ''நாளைக்குத் தோட்டத்துல நின்னு கேக்க வேண்டிய கேள்விய இன்னிக்கே கேட்டுடறேன்'' என்பார்.

சகோதரி, 'நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க' என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு இதுதான் என் பதில். வரத்தான் செய்வார்கள். வரும்போது கதவைத் திறக்கிற துணிவு இருந்தால் எழுதலாம்.

அடுத்தவருக்குக் கொடுக்கும் குறிப்பில் இருக்க வேண்டியவை

நமக்கு மட்டும் எழுதும்போது 'மருந்து அடிச்சாச்சு' என்றால் போதும். மிச்சம் நம் ஞாபகத்தில் இருக்கும். அடுத்தவர் கையில் கொடுக்கும்போது அது போதாது. நான் இப்போது கடைப்பிடிப்பவை இவை.

1. எந்த மண், எந்தத் தண்ணீர், எந்தப் பட்டம்: செம்மண்ணில் எனக்குச் சரியாக வந்தது, கரிசலில் உங்களுக்கு வராமல் போகலாம். உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா என்பதும் முக்கியம்.

2. ரகமும் பயிரின் வயதும்: 'மிளகாய்' என்று மட்டும் எழுதாமல், என்ன ரகம், நட்டு எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

3. எவ்வளவில் எவ்வளவு: '300 மில்லி' என்றால் பாதிக் கணக்கு. '10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி' என்றால்தான் முழுக்கணக்கு. ஒரு டம்ளர், ஒரு மூடி என்று எழுதவே எழுதாதீர்கள். உங்கள் டம்ளர் வேறு, அவர்கள் டம்ளர் வேறு.

4. செய்த முறையும் நேரமும்: எதை முதலில் கலந்தோம், எத்தனை மணிக்குச் செய்தோம், அன்றைக்கு வெயிலா, மழை மூட்டமா... 'இதுகூடவா தெரியாது' என்று நினைத்து விடுவதுதான் ஆபத்தான இடம்.

5. கண்டதா, கேட்டதா: நான் செய்து பார்த்தது, பக்கத்துத் தோட்டத்தில் என் கண்ணால் பார்த்தது, யாரோ சொன்னது என மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததை 'ஒரு தடவைதான் செய்தேன்' என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் இரண்டு பாத்தியைச் செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அடங்கியது மருந்தாலா, மழையாலா என்பது அப்போதுதான் தெரியும்.

6. யார் சொல்லித் தந்தது: களையெடுக்க வரும் அம்மா சொன்ன யோசனையை நம் யோசனையாக எழுதக் கூடாது. நம் ஊரில் பல நல்ல முறைகள் இப்படிப் பெயர் இல்லாமலே போயிருக்கின்றன. அவர் சரி என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள். அதை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்... அதுவும் ஒரு சந்தோஷம்.

இன்னொன்றும் உண்டு. தப்பாக எழுதியது தெரிந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதையும் திருத்திய தேதியையும் எழுதுங்கள். பழைய ஜெராக்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நம் எழுத்துக்கு நாலு பேர் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால், வியாபாரிகளும் தேடி வருவார்கள். ஒருவர் என்னிடம் ஒரு பயிர் ஊக்கி பாட்டிலைச் சும்மா கொடுத்து, 'ரெண்டு வரி நல்லா எழுதுங்க' என்றார். காசு கொடுத்து வாங்காத பொருளைப் பற்றி எழுதினால், 'இது சும்மா வந்தது' என்பதையும் எழுதியாக வேண்டும். அப்படித்தான் எழுதுவேன் என்றேன். அவர் மறுபடி வரவில்லை.

எழுதக் கூடாதவை

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் முதல் பயத்துக்கு வருகிறேன். இதிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு தோட்டத்தில் 700 அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. மற்றவர்களும் அந்தப் பக்கம் போர் போட்டுப் பணத்தை இழக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்துச் சுவரில் எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அப்போது பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரும் பால் ஊற்றும் இடத்தில்தான் வழி கேட்டார்கள். சுவரையும் படித்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அந்தப் பெண்ணின் அப்பா கேட்டது இதுதான்: ''தண்ணி இல்லேன்னு ஊருக்கே தெரியும்பா. அதைச் சுவத்துல எழுதணுமா?''

என்னிடம் பதில் இல்லை. 'ஊருக்கு மேற்கே' என்று மட்டும் எழுதியிருந்தால் எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்திருக்கும், அந்தக் குடும்பமும் தலைகுனிந்திருக்காது.

அதனால், இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டு நோட்டு. கடன், அடகு வைத்த நகை, மனஸ்தாபம், உடம்புக்கு வந்த நோய், மனசுக்குப் பட்டது எல்லாம் அதில் இருக்கட்டும். அது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும். இன்னொன்று ஊர் நோட்டு. மழை, விதை, முறை, மகசூல், பயிரில் ஏற்பட்ட நஷ்டம்... இவை அதில். நஷ்டத்தைச் சொல்லுங்கள், கடனைச் சொல்ல வேண்டாம். '25 சென்டில் இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு' என்பது அடுத்தவருக்கு உதவும். 'வட்டிக்கு வாங்கினோம்' என்பது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் நஷ்டத்தைச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும், 'எனக்கும் இதேதான்' என்பார்கள். நான் அந்தக் கத்தரிக்காய்க் கணக்கை ஒட்டியபோது, மூன்று பேர் தங்கள் கணக்கையும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

நிலம் உங்கள் இருவருடையது. அதனால் ஒவ்வொரு மாதமும் குழுவில் வாசிப்பதற்கு முன், வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் 'இது வேண்டாம்' என்று சொன்ன வரியை எடுத்துவிடுங்கள். மருந்து அளவு, கலந்த முறை எல்லாம் சரியா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். என் சித்தப்பா எனக்குச் செய்வதை அவர் உங்களுக்குச் செய்வார். வேண்டாம் என்கிற மனிதர், இரண்டு மூன்று மாதத்தில், 'அதைச் சேர்த்தியா?' என்று கேட்டாலும் கேட்பார்.

இதே விஷயத்தில் இன்னும் சில கேள்விகள்

*''எங்கள் குடும்பத்தில் பல தலைமுறையாக ஒரு அவரை விதை வைத்திருக்கிறோம். அதைப் பற்றி எழுதி வெளியில் கொடுத்தால் யாராவது தங்கள் விதை என்று சொந்தம் கொண்டாடிவிட மாட்டார்களா?''*

எழுதாமல் இருப்பதுதான் அதற்கு வழிவிடும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-ன்படி, விவசாயிகளும் விவசாயச் சமூகத்தினரும் தங்கள் பாரம்பர்ய ரகத்தை 'உழவர் ரகம்' என்று பதிவு செய்ய வழி இருக்கிறது. விதை யாரிடம் இருந்து வந்தது, எத்தனை வருடமாகப் பயிரிடுகிறோம், பூவின் நிறம், காயின் நீளம், எத்தனை நாளில் காய்க்கும் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த விவரங்களோடு அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

*''இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு இந்த நோட்டு உதவுமா?''*

உதவும். சான்றிதழுக்கு ஆய்வு செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது இந்தப் பதிவுகளைத்தான். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ், ரசாயனத்தில் இருந்து மாறும் காலம் பொதுவாக ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகள், நீண்டகாலப் பயிர்களுக்கு 3 ஆண்டுகள். அத்தனை நாளும் என்ன போட்டோம், எங்கே வாங்கினோம் என்பதை ஞாபகத்தில் இருந்து சொல்ல முடியாது. வாங்கிய ரசீதுகளை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

*''எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அனுபவம் 40 வருடம் இருக்கிறது. என்ன செய்வது?''*

ஐயா, உங்களைப் போன்றவர்களின் நோட்டுதான் முதலில் எழுதப்பட வேண்டும். பேரனையோ பேத்தியையோ வாரம் ஒருநாள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அப்படியே திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். பிள்ளைக்கு எழுத்தும் பழகும், விவசாயமும் பழகும்.

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. ஆறு வருடம் பாத்திரம் கழுவிய கையோடு எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் கிணறு வற்றிய நாளும் இருக்கும், நிறைந்த நாளும் இருக்கும். முதல் மாதம் ஒரே ஒரு பக்கம் போதும். உங்களுக்கு முழுசாகத் தெரிந்த ஒன்றை, ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுங்கள். வாசித்து முடித்த பிறகு குழுவில் என்ன கேள்வி வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். அந்தக் கேள்வியில் இருந்துதான் உங்கள் அடுத்த பக்கம் ஆரம்பமாகும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பழைய காலண்டர் தாளிலோ, நோட்டிலோ இப்படி எழுதி வைத்த குறிப்பு இருக்கும். அதனால் உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையையோ, நேர்ந்த ஒரு தப்பையோ எழுதி அனுப்புங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் படித்தால் என்ன கேட்பார் என்று யோசித்து, அதற்கான பதிலையும் சேர்த்தே அனுப்புங்கள்.

அடுத்த இதழில், ஒதுக்கி வைத்த பூச்சிக் கேள்விகளோடு சந்திப்போம்.